அம்மாவுக்காக ஒரு குளியலறை

வெள்ளை டைல்ஸ் வேண்டும் என்று கடையில் கேட்டால், எந்த வெள்ளை என்று திருப்பிக் கேட்பார்கள். பால் வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை என்று அதில் பல உண்டு. எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் அத்தனையும் இருக்கின்றன. கடைகளில் விற்காமல் மிஞ்சிய பெட்டிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கியவை. நீங்கள் அன்றைக்கு வந்தபோது கவனித்திருக்க மாட்டீர்கள் ஐயா. தரையில் கிடந்ததைத்தான் எல்லோரும் பார்த்தீர்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சுவரை ஒட்டியது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் குளியலறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் லியாவ் யூசியா. கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டுத் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடி. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அப்பா வாங்கிய வீடு. அப்பா கப்பலில் சரக்கு இறக்குகிறவர். அவர் போன பிறகு வீடு அண்ணன் சுங்ஜென் பெயருக்கு மாறியது. எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் போடுவார்கள். அண்ணன் இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் குடும்பத்தோடு தைபேயில் இருந்தார். அவர் வீட்டில் கழிப்பறைக் கோப்பையின் இருக்கைகூடக் குளிர்காலத்தில் தானாகவே சூடாகும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் மீன் உருண்டைக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் அம்மா.

எங்கள் பழைய குளியலறையை நீங்கள் பார்த்ததில்லை. நகத்தளவு ரோஜா நிறக் கற்கள் பதித்த சுவர். அதே கற்களில் கட்டிய தொட்டி. அதன் விளிம்பு என் இடுப்பு உயரம் வரும். ஒரு படி ஏறி, குத்தவைத்து உட்காருகிற பழைய கோப்பை. கூரை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளீச்சிங் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் வெளுத்திருக்கும், பிறகு அதே இடத்தில் அதே வடிவத்தில் திரும்பி வரும்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது அம்மா உள்ளே இருந்தாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப்போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து, சுவரில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நீ வேலைக்குப் போனதும் வந்தேன்" என்றாள். தூக்கி நிறுத்திக் கழுவிவிட்டேன். அவள் கன்னத்தில் அந்தச் சின்னக் கற்களின் கோடுகள் பதிந்திருந்தன. அம்மா அழவில்லை. "பெரியவன்கிட்ட சொல்லாதடி, சங்கடப்படுவான்" என்று மட்டும் சொன்னாள்.

நான் அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் சங்கடப்படவில்லை.

"பாத்ரூமை உடைக்கணுமா? கொத்தனார் என்ன கேப்பான்னு தெரியுமா உனக்கு?"

"அம்மாவால குத்தவெச்சு உக்கார முடியல அண்ணா."

"சரி, வயசாச்சு. இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறாங்க? அதுக்காக வீட்டையே இடிப்பாங்களா? ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிக் கட்டில் பக்கத்துல வை சியா. நீதான் வீட்டோட இருக்கியே."

கோபப்பட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. போனை வைத்துவிட்டுக் கீரை நறுக்கினேன். நறுக்கி முடித்த பிறகும் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு நானே செய்தேன். கையில் இருந்தது மிகக் கொஞ்சம். புதிதாகப் பல் கட்டிக்கொள்ள வைத்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்சத்தில் செய்வது எப்படி என்று யாராவது கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். உடைப்பதற்குப் பணம் வேண்டாம். சுத்தியல் இருந்தால் போதும். கடையிலிருந்து வந்ததும் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். உடைப்பது சுகமாகத்தான் இருந்தது. பக்கெட் வை என்றாரே, அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு அடித்தால் ஒரே அடியில் பெரிய பெரிய துண்டாகப் பெயர்ந்து வரும். உடைந்ததை அரிசிப் பைகளில் கட்டி நாலு மாடியும் நானே இறக்கினேன். அப்பாவுக்கு இருந்தது மாதிரித் தோளில் தடம் விழுந்துவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு பழைய விடுதியை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து உட்கார்ந்து போகிற கோப்பையும் ஒரு கைகழுவும் தொட்டியும் கிடைத்தன. கோப்பையின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டேன். குழாய் இணைக்க மட்டும் ஆதுங் என்கிற ஆளைக் கூப்பிட்டேன். அவன் என் சுவரைப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க ஒரு கோடு கோணலா இருக்கு, அது மட்டும் இல்லேன்னா நீங்க என் பொழப்பக் கெடுத்துருவீங்க" என்று சிரித்தான். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் வாங்க முடியவில்லை. கிடைத்ததெல்லாம் வழவழப்பு. அதனால் மேலே வழுக்காத பட்டைகளை வாங்கி ஒட்டினேன். கோப்பைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று எனச் சுவரில் பிடிகம்பிகள். அவற்றுக்கு மட்டும் விலை பார்க்கவில்லை. நல்ல கம்பிகள். நானே முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன்.

அம்மா முதல் முறை கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக உட்கார்ந்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லடி. பெரிய ஓட்டல்ல தங்கியிருக்கிற மாதிரி இருக்கு. ரூமுக்குச் சாப்பாடு வருமா?"

என் வாழ்க்கையில் நான் செய்ததால் ஒருத்தர் சந்தோஷப்பட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நிலாப் பண்டிகைக்கு அண்ணனும் அண்ணி பெய்லிங்கும் பம்ப்ளிமாஸ் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கைகழுவப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த மூலையிலிருந்து ஒன்று, அந்த மூலையிலிருந்து ஒன்று. பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். ஏதாவது சொல்வார் என்று பழம் உரித்தபடி காத்திருந்தேன். பழம் இனிப்பாக இருக்கிறது என்று சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு பிற்பகல் கதவு மணி அடித்தது. வீட்டுத் தரகர் திருமதி ஹோ, உயரமான செருப்போடு நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பின்னால் இளம் தம்பதி.

"வீடு பாக்க வந்திருக்கோம். ஓனர் சொல்லியிருப்பாரே? நீங்க இங்க வேலை செய்றவங்களா?"

"நான் அவர் தங்கச்சி."

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. பாத்ரூமை மட்டும் காட்டிட்டுப் போயிடறோம். இந்த வீட்டுல அதுதான் அழகு. ஓனர் நிறைய செலவு பண்ணிச் செஞ்சதாச் சொன்னாரு."

அவர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அந்தப் பெண் என் சுவரில் கையை வைத்து, "விதவிதமான வெள்ளை, இப்ப இதுதான் ஃபேஷன்" என்று கணவனிடம் சொன்னாள். அவன் பிடிகம்பியைப் பார்த்து முகம் சுளித்தான். அம்மா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்தேன். அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று அண்ணன் போனில் பொறுமையாகத்தான் பேசினார். அவர் கோபக்காரர் இல்லை. என்னிடம் கோபப்பட வேண்டிய தேவை அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

"அம்மாவுக்கு ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்துட்டேன். நீ ஒண்டிக்கட்டை, எங்கயாவது ஒரு ரூம் போதும். பாத்ரூம் இருந்த லட்சணத்துல இத்தனை நாள் இந்த வீட்டை எவனும் சீண்டல. இப்பத்தான் விலை படியுது. நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கே."

"அம்மாவுக்காகச் செஞ்சேன் அண்ணா."

"யாருக்காகச் செஞ்சா என்ன, வீடு வீடுதானே. இன்னொண்ணு சியா. அந்தக் கம்பி, தரையில அந்தப் பட்டை, எல்லாத்தையும் எடுத்துடு. ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு வாங்கறவங்க சொல்றாங்க. தரை பளபளன்னு இருக்கணும். சனிக்கிழமை நானே அவங்களைக் கூட்டிட்டு வரேன்."

சரி என்றேன். அவர் சொன்னதைச் செய்தேன். இதைத் தயவுசெய்து சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கம்பிகளைக் கழற்றச் சொன்னது அவர். பட்டைகளைப் பிய்க்கச் சொன்னது அவர். தரை பளபளக்க வேண்டும் என்றதும் அவர்தான். கம்பி இருந்த துளைகளை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். எங்கே இருந்தது என்று இப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

சனிக்கிழமை வழக்கம்போல மழை. வாங்குகிறவர்கள் மழையைக் காரணம் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் மட்டும் வந்தார், மேட்டில் நடந்து ஏறி, முழங்கால்வரை நனைந்து. வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பிடித்த அன்னாசிக் கேக் கொண்டுவந்திருந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், அவர் மகனாக நடந்துகொள்ளவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு, "குளிருது, சுடுதண்ணில குளிச்சுட்டு வரேன்" என்று எழுந்தார். என்னிடம் சட்டையையும் காற்சட்டையையும் கொடுத்துக் காயப்போடச் சொன்னார். செல்போன் காற்சட்டைப் பையில் இருந்தது.

நான் தள்ளவில்லை. அவர் உள்ளே போனபோது நான் அடுப்படியில் இருந்தேன். நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிக்கொண்டிருந்தேன், அம்மாவுக்குக் கோழிக் குழம்பு வைக்க. சத்தம் கேட்டது. அரிசிப் பையை மாடியிலிருந்து போட்டால் கேட்கிற மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு என் பெயர்.

"சியா! ஏய் சியா! இங்க வா!"

அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனேன். கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தலைக்கடியில் கொஞ்சம் சிவப்பு. சிவப்பு வெள்ளையில் நன்றாகத் தெரியும்.

"இடுப்பு போச்சு போல. அசைய முடியல. தூக்குடி."

"கம்பியப் பிடிச்சு எழுந்திருங்க அண்ணா."

அவர் சுவரைத் தடவினார். நிஜமாகவே தேடினார். "எங்கடி இருக்கு கம்பி?"

"நீங்கதானே கழட்டச் சொன்னீங்க."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகப் பார்த்தார் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் குழாயை மூடினேன், தண்ணீர் வீணாகிறதே. வெளியே வந்து சுடுதண்ணீர் கீசரின் காஸையும் மூடினேன். கதவைச் சாத்தினேன். இஞ்சி கருகியிருக்கவில்லை, சரியான பதத்தில் இருந்தது.

அவர் முதலில் அதட்டினார். அப்புறம் காரியமாகப் பேசினார். "சியா, பாதி உனக்கு. வித்ததுல பாதி எழுதித் தரேன். ஆம்புலன்சைக் கூப்பிடு." விழுந்த பிறகு வந்த பாதி அது. நின்றுகொண்டிருந்தபோது வந்திருந்தால் யோசித்திருப்பேன். அதற்குப் பிறகு, "தங்கச்சி, ரொம்பக் குளிருதும்மா, ஒரு போர்வையாவது கொடு" என்றார். இந்த ஊரில் மாரிக்காலத்தில் போர்வை நனைந்தால் எளிதில் காயாது. கொடுக்கவில்லை.

அம்மாவும் ஒருநாள் காலைப்பொழுது முழுக்க அங்கே அப்படிக் கிடந்தவள்தான். அவளுக்கு யாரும் பாதி தருவதாகச் சொல்லவில்லை.

அண்ணி போன் செய்தாள். எடுத்தேன்.

"அவர் எங்க சியா?"

"குளிக்கிறாரு அண்ணி."

இருட்டிய பிறகு திரும்பவும் செய்தாள். "அசதியாத் தூங்கிட்டாரு அண்ணி, எழுப்பட்டுமா?" என்றேன். "வேணாம் வேணாம், பாவம் தூங்கட்டும்" என்றாள். அவள் நல்லவள். அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

காலையில் கதவைத் திறந்தேன். அவர் கண்கள் திறந்திருந்தன. உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது, கொஞ்சம். என்னவோ சொல்ல வந்தார். டைல்ஸ் இடுக்குகளில் சிவப்பு இறங்கியிருந்தது. வெள்ளைச் சிமெண்டில் இறங்கினால் பிறகு போகவே போகாது. பழைய பல்துலக்கியும் பிளீச்சிங்கும் எடுத்துவந்து, அவரைச் சுற்றி எவ்வளவு முடியுமோ அவ்வளவு தேய்த்தேன். அவர் விரல் ஒருமுறை என் கணுக்காலைத் தொட்டது. தேய்த்து முடித்துவிட்டு வெளியே வந்தேன். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த பிறகுதான் உங்களுக்கு போன் செய்தேன். அதற்குள் அவர் போயிருந்தார்.

முதல்நாள் உங்களிடம், அவர் தானாக வழுக்கி விழுந்தார், அவ்வளவுதான் என்று சொன்னேன். பிறகு நீங்கள் தரையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனீர்கள். ஆமாம், மெழுகுதான். மர மேஜைக்குப் போடுகிற மெழுகு. சனிக்கிழமை காலையில் மண்டி போட்டுத் தேய்த்தேன். குளிக்கிற இடத்தில் மட்டும் இரண்டு முறை. பளபளப்புக்காக என்று சொல்லலாம், அவர் கேட்டதும் அதுதான். ஆனால் அம்மாவை அன்று விடியும்போதே குளிக்க வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளை அந்தப் பக்கமே விடவில்லை. கட்டிலிலேயே பாத்திரம் வைத்தேன். "ஏன்டி, என் பாத்ரூமுக்கு என்ன?" என்று கேட்டாள். "சிமெண்ட் காயணும்மா" என்றேன். ஆகையால் எனக்குத் தெரியும், மழையில் நனைந்து வந்தால் அண்ணன் முதலில் சுடுதண்ணீரில் குளிப்பார் என்பதும். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் தேய்த்தேன். நானே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இந்த முறை எதற்குப் போடுகிறேன் என்று எனக்கே தெரியும்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். அம்மாவுக்குக் காது மந்தம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தேன். அது சரியல்ல. அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சனிக்கிழமை பிற்பகலே கேட்டுவிட்டது.

"சியா, பெரியவன் கூப்பிடறான்டி."

"கீழ்வீட்டு டிவிம்மா."

"எம்புள்ளை குரல் எனக்குத் தெரியாதா? போய் என்னன்னு பாருடி."

நான் போகாததைப் பார்த்து அவளே கட்டிலிலிருந்து இறங்கினாள். நடக்க முடியாமல் கையை ஊன்றித் தவழ்ந்து கூடம்வரை வந்துவிட்டாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் குளியலறைக் கதவில் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து அவரும் அம்மா, அம்மா என்றார். அவளைத் தூக்கி வந்து படுக்க வைத்தேன். மறுபடி இறங்கினாள். மறுபடி தூக்கினேன். என்னை அடித்தாள், கடித்தாள். எண்பது தாண்டிய உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். குழம்பைத் தொடவில்லை.

அம்மா இப்போது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்கிறீர்கள். என் பெயரைச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள் என்கிறீர்கள். அது அதிர்ச்சிதான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும். நான் பட்டதெல்லாம் யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். அவள் மணிக்கட்டுகளில் இருக்கும் சிவப்புத் தடத்தைப் பற்றி டாக்டர் கேட்டாராமே, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கயிறு இல்லை ஐயா, துண்டுதான், புதுத் துண்டு, மெத்தென்று இருக்கும். எழுந்து போய் எங்காவது விழுந்துவிடப் போகிறாளே என்று பயந்துதான் கட்டிலோடு கட்டினேன்.